அங்கி போட்டுக்கொண்ட அண்ணன்

எங்கள் சொந்தபந்தத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. தங்கையைப் படிக்க வைப்பதற்காகத் தன் இன்ஜினியரிங் படிப்பைக் கடைசி நேரத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவன் என்பது அந்தக் கதை. கல்யாணப் பந்தியில் சொல்வார்கள், துக்க வீட்டுத் திண்ணையில் சொல்வார்கள், புதிதாக வந்த மருமகளுக்கு ஆள் அடையாளம் காட்டும்போது சொல்வார்கள். பல சமயம் நானும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கதை பொய். எனக்கு அரியர் இருந்தது, எழுதிப் பாஸாகவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

2005-இல் வேலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஈசிஇ சேர்ந்தேன். ஊர் ஆம்பூர். அப்பா தோல் ஷெட்டில் டிரம் ஓட்டியவர். பச்சைத் தோலை மருந்துத் தண்ணீரோடு மணிக்கணக்கில் உருட்டும் அந்தப் பெரிய மர உருளைக்குத்தான் டிரம் என்று பெயர். அந்தச் சம்பளத்தில் கட்டிய ஃபீஸில் நான் படித்தேன் என்று எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் படிக்கவில்லை. மூன்றாவது செமஸ்டரில் எம் த்ரீ, அதாவது மூன்றாவது கணக்குப் பேப்பர், போனது. பாதி வகுப்புக்குப் போயிருந்ததால் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. கப்பு வாங்காதவன் இன்ஜினியரே இல்லை என்று சீனியர்கள் சொன்னது காதுக்கு இதமாக இருந்தது. அடுத்து சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் போனது, அதற்கடுத்து வேறொன்று. ரிசல்ட் வரும் நாளில் பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு பேப்பரைக் குறைத்துச் சொல்வேன். அடுத்த முறை இன்னொன்றைக் குறைப்பேன். 2009-இல் நாலு வருஷமும் முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் மார்க் ஷீட்டுகள் இருந்தன, டிகிரி இல்லை. வறுமை காரணமில்லை, நோய் காரணமில்லை, வாத்தியார்கள் காரணமில்லை. உட்கார்ந்து கணக்குப் போடப் பிடிக்கவில்லை.

ஊரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்தேன். வேலை பார்த்துக்கொண்டே எழுதி முடித்துவிடுவதாகத்தான் பேச்சு.

மறுவருஷம் தங்கை ப்ளஸ் டூ முடித்தாள். கட் ஆஃப் நல்ல கட் ஆஃப். அந்த 2010-11 கல்வியாண்டில்தான் தமிழக அரசு முதல் பட்டதாரிச் சலுகையைக் கொண்டு வந்திருந்தது. குடும்பத்தில் அதுவரை யாருமே பட்டதாரி இல்லையென்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் வாங்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்ளும். அதற்கு வருவாய்த்துறைச் சான்றிதழ் வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று வரிசையாகக் கையெழுத்து. அப்பா, நான், தங்கை மூன்று பேரும் விஏஓ ஆபீஸில் நின்றோம். அவருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும்.

“பெரியவன் இன்ஜினியரிங் படிச்சானேய்யா? டிகிரி வாங்கிட்டான்னா இது கிடைக்காதே.”

அப்பா என்னைப் பார்த்தார். தங்கை பக்கத்தில் நின்றாள். வெளியே வேறு நாலைந்து பேர் காத்திருந்தார்கள். என் பையன் ஃபெயில் என்று அத்தனை பேர் காதில் விழச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “இல்லீங்க சார், கடைசியில விட்டுட்டான். தங்கச்சி படிக்கணுமில்லீங்களா, ரெண்டு பேரையும் ஒண்ணா எப்பிடிப் பாக்கிறது? நான் வேலைக்குப் போறேம்ப்பான்னு போயிட்டான்.” விஏஓ மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு முறை பார்த்தார். “நல்ல பையன்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. எங்கள் வீட்டில் பட்டதாரி கிடையாது என்பது சத்தியமான உண்மை. நான் ஒழுங்காகப் படித்துப் பாஸாகியிருந்தால் தங்கைக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்காது. அப்படிப் பார்த்தால் அவள் படிப்புக்கு நான் செய்த ஆகப்பெரிய உதவி ஃபெயிலானதுதான். இதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு வரை நடக்கும்போது அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பதினேழு வயசுப் பெண். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சொன்னது ஒரு நிமிஷத்து மானத்துக்காக. அதைப் பதினைந்து வருஷம் ஊட்டி வளர்த்தவன் நான்தான்.

தங்கச்சிக்காக வாழ்க்கையைக் கொடுத்த அண்ணன் என்றால் நம் ஊரில் தனி மரியாதை. 1961-இல் ‘பாசமலர்’ படம் வந்த நாளிலிருந்து அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஃபெயிலான பையனைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். அதே ஆளைத் தியாகி என்று நினைத்துவிட்டால் யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எனக்குப் பெண் பார்த்த இடத்தில்கூட இதைச் சொல்லித்தான் என் சம்பளத்தைச் சரிக்கட்டினார்கள்.

சரி, அவள் படிப்புக்கு யார்தான் செலவு செய்தது? சிவில் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் கல்விக் கட்டணத்துக்கு அந்தச் சான்றிதழ் நின்றது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் மற்றதற்கும் அப்பாவின் ஓவர்டைம்; நடுவில் அம்மாவின் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போனது. நான் சில மாதங்கள் பணம் கொடுத்தேன். கல்யாணமான பிறகு அதுவும் நின்றது. பிறகு கேட் தேர்வு எழுதி, கிண்டி பொறியியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்இ சேர்ந்தாள். கேட் மதிப்பெண்ணோடு சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதில் ஹாஸ்டல் மெஸ் போக மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினாள். அதற்கு மேல் பிஎச்டி, அதற்கும் ஃபெல்லோஷிப். அண்ணனின் தியாகம் என்று எழுத இந்தக் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை. எல்லாம் அவள் மார்க்.

அவள் ஆராய்ச்சி தண்ணீரில் இருக்கும் குரோமியத்தைப் பற்றியது. தோல் பதனிடப் போடுகிற குரோமியம் அவ்வளவு மோசமில்லை. அதுவே இன்னொரு வடிவத்துக்கு மாறினால் புற்றுநோயைக் கொண்டுவரும் விஷம். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேடு லட்சக்கணக்கான டன் இன்னும் கிடக்கிறது. அந்த விஷத்தைத் தண்ணீரிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று அவள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பா டிரம்மிலிருந்து வடித்துவிட்ட தண்ணீரைப் பற்றித்தான் மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்பது எங்கள் வீட்டில் அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் எந்தெந்த மருந்து எவ்வளவு போடுவீர்கள், எத்தனை தடவை வடிப்பீர்கள் என்று அவரைக் குடைந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

2021 கடைசியில் ஒரு அறிவிப்பு வந்தது. 2001-02 வரை பின்னால் போய், அப்போதிலிருந்து சேர்ந்து இன்னும் அரியர் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு கொடுத்தது. வழக்கமான தேர்வுக் கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய் கட்டினால் எழுதலாம். என் பழைய ரெஜிஸ்டர் நம்பரைத் தேடி எடுத்தேன். விண்ணப்பத்தைப் பாதி நிரப்பினேன். தேர்வு மையத்தில் ஆம்பூர்க்காரர் யாராவது இருப்பார்களோ என்று ஒரு யோசனை வந்தது. தானாகப் படிப்பை விட்டவனுக்கு அரியர் எப்படி வரும் என்று கேட்டால்? தாளை மடித்து வைத்துவிட்டேன். பாஸாகியிருப்பேனா என்பது வேறு விஷயம். முப்பத்து நாலு வயசில் எம் த்ரீ எனக்கு இளகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் உட்காராததற்குக் காரணம் கணக்கு இல்லை.

அதன்பிறகுதான் தீசிஸ். சமர்ப்பிக்கும் முன்னால் நன்றியுரைப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நெறியாளருக்கு நன்றி, ஆய்வகத்து நண்பர்களுக்கு, அப்பா அம்மாவுக்கு. கடைசியில் ஒரு வரி, எனக்கு ஒரு பட்டம் கிடைப்பதற்காகத் தன் பட்டத்தை விட்டுக்கொடுத்த அண்ணனுக்கு என்று. கீழே, “ஓகேவா அண்ணா?”

கும்பிடு போடும் பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான காரியம் எதுவென்று கேட்டால் அந்தக் கும்பிடைத்தான் சொல்வேன். திருத்த வேண்டுமா என்று கேட்டே அனுப்பியிருந்தாள். இப்போது பிஎச்டி ஆய்வேடுகளையெல்லாம் ஷோத்கங்கா என்ற தேசியத் தொகுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்த பொய், குரோமியம் பற்றிய ஒரு நேர்மையான ஆராய்ச்சியின் முன்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

பட்டமளிப்பு விழாவுக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸில் அப்பா, அம்மா, நான் மூவரும் கிளம்பினோம். அவளுடைய பிஇ கிராஜுவேஷன் டேக்கு நான் போகவில்லை. ஷிப்மென்ட் இருக்கிறது என்று சொன்னேன். ஷிப்மென்ட் மறுநாள்தான். எனக்குக் கிடைக்காத அதே பட்டத்தை அவள் வாங்குவதைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. பிஎச்டி என்பது எனக்கு எட்டாத தூரம், அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. அதனால் தாராளமாகக் கிளம்பினேன். அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை. சென்ட்ரலில் இறங்கிப் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம், அங்கிருந்து ஆட்டோ.

கிண்டி வளாகத்துக்குள் நுழைந்ததும் அந்தச் செங்கல் கட்டடம், பிள்ளைகள் ரெட் பில்டிங் என்கிறார்கள். 1794-இல் வெள்ளைக்காரன் நில அளவை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பள்ளிக்கூடம் வளர்ந்து, 1920 வாக்கில் இங்கே குடிவந்து, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் தாய்வீடாக ஆனது. அப்பா அதைத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். “இங்கதான் உங்கம்மாவுக்கு செயின் மீட்டுக் குடுத்தா” என்றார். எம்இ உதவித்தொகையில் சேர்த்த பணத்தைச் சொன்னார்.

விவேகானந்தா அரங்கத்துக்குள் பெற்றவர்களுக்குத் தனி இடம். ஆயிரக்கணக்கான பேர் வருஷாவருஷம் பட்டம் வாங்கினாலும் மேடை ஏறுகிறவர்கள் முனைவர் பட்டக்காரர்களும் ரேங்க் வாங்கித் தங்கப் பதக்கம் பெறுகிறவர்களும்தான். மற்றவர்கள் பட்டத்தை மொத்தமாக அறிவித்துவிடுவார்கள். முன்தினமே ஒத்திகை நடந்திருக்கிறது. எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே நிற்பது, எந்தக் கையால் வாங்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஊர்வலமாக ஆட்சிமன்றக் குழு உறுப்பினர்கள், துறைத் தலைவர்கள், துணைவேந்தர், கடைசியில் வேந்தரான ஆளுநர். எல்லாரும் எழுந்து நின்றோம். தமிழ்த்தாய் வாழ்த்து. பிறகு பேச்சு, அறிக்கை, இன்னொரு பேச்சு. இந்த வெயில் நாட்டில் அங்கியை மாட்டிக்கொண்டு அத்தனை நேரம் உட்கார வைப்பது யார் யோசனையோ.

அவள் பெயர் வாசிக்கப்பட்டது. ஒரு பக்கம் ஏறி, வாங்கி, கேமரா ஒரு முறை மின்ன, மறுபக்கம் இறங்க வேண்டும். பத்து விநாடி இருக்கலாம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் குனிந்து, “என் தங்கச்சிதான் சார். நான்தான் படிக்க வெச்சேன்” என்றேன். அவர் என் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மேடையைப் பார்த்தபோது அங்கே வேறு யாரோ வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து விநாடியை நான் பார்க்கவே இல்லை. எப்படி இருந்தது அண்ணா என்று அவள் கேட்டதற்கு சூப்பர் என்றேன்.

வெளியே மரத்தடியில் அவளுடைய நெறியாளர் வந்தார். “நீங்கதானா அந்த அண்ணன்! உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காங்க” என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். வயசானவர், மெத்தப் படித்தவர். நான் தலையைக் குனிந்து, “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், கடமைதானே” என்றேன். பொய்யை நேராகச் சொன்னால் யாராவது கேள்வி கேட்பார்கள். அடக்கமாக மறுத்தால் கேட்கவே மாட்டார்கள், இன்னும் இரண்டு மடங்கு நம்புவார்கள். இந்த வித்தையில் நான் தேர்ந்தவன்.

தங்கை அங்கியைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டுப் படம் எடுத்தாள். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்பட்டார், பிறகு டிரம் சுவிட்சைப் போடப் போகிறவர் மாதிரி விறைப்பாக நின்றார். அம்மாவுக்குப் போட்டாள். எனக்கும் போட்டுவிட்டாள். தோளில் மடிப்பைச் சரி செய்து, “இது உனக்கு வர வேண்டியது அண்ணா” என்றாள். நல்லவனாக இருந்தால் அப்போதாவது வாய் திறந்திருப்பான். நான் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி நின்றேன். அந்தப் பக்கம் படத்தில் நன்றாக விழும்.

திரும்பி வரும்போது ரயிலில் எதிர் சீட்டுக்காரர்களிடம் அந்தக் கதையை ஆரம்பித்தேன். காட்பாடி தாண்டியும் முடியவில்லை. தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், இரண்டு நாள் எங்களோடு இருக்க வந்துகொண்டிருந்தாள். அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, “போதும்டா. டாக்டர் பட்டம் வாங்கினது அவ, அவளையும் ரெண்டு வார்த்த பேச வுடு” என்றாள். அம்மாவுக்குத் தெரியும். அரியர் ஃபீஸ் கட்ட ஒவ்வொரு முறையும் அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அப்பாவின் பேச்சை அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை, ஒரு நாளும் தன் வாயால் சொன்னதும் இல்லை.

அன்று ராத்திரி அங்கி போட்ட படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன், ஃபேஸ்புக்கிலும் போட்டேன். மாமா, அத்தை, சித்தப்பா பிள்ளைகள், கம்பெனி ஆட்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நடுவே கல்லூரியில் என்னோடு கடைசி பெஞ்சில் இருந்தவன் ஒருவன், வருஷக்கணக்காகப் பேச்சே இல்லாதவன், வந்து எழுதினான்: “டேய் மச்சி, எம் த்ரீ கிளியர் பண்ணிட்டியா? சொல்லவே இல்ல!” நல்ல மனசோடுதான் கேட்டிருந்தான், கூடவே பார்ட்டி எப்போ என்று. அதை யாரும் பார்ப்பதற்குள் அழித்தேன். அவனை பிளாக் செய்தேன். இன்றுவரை எடுக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், தங்கை ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் போனில் பேசும்போது, வகுப்பில் நாலைந்து பையன்கள் அரியராகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன் என்றாள். “உன்னப் பத்திதாண்ணா சொன்னேன். நல்லாப் படிக்கிறவரு, எனக்காக விட்டாரு. உங்களுக்கு வீட்ல எல்லா வசதியும் செஞ்சு குடுத்தும் படிக்க மாட்டேங்கிறீங்களேன்னு கேட்டேன். ஒரு பையன் தலையே நிமிரல.”

அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கும் எனக்கும் ஒரே பெஞ்சு. அச்சுக்குப் போகும் முன் இதைத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன், இந்த முறை பொம்மை எதுவும் சேர்க்கவில்லை. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. கோபப்படட்டும், என்னிடம் பேசாமல் இருக்கட்டும், அது அவள் உரிமை. நாளைக்கு வகுப்பில் அந்தப் பையனைக் கூப்பிட்டால் மட்டும் இதையும் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் கேள்விப்பட்ட அந்த அண்ணன் எம் த்ரீயில் கடைசியாக எழுதி வாங்கியது 19 மார்க்.